கை கூசாத குழல்

ஆர்டித் ஹெய்னர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். தன் வருத்தத்தைச் சபையில் எழுந்து சொல்லிவிட்டாள்.

எங்கள் ஸ்டார் பள்ளத்தாக்கில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் பட்டினியோடு சபைக்கு வருவோம். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. மனதில் என்ன இருக்கிறதோ அதை யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சொல்லலாம். பெரும்பாலும் நன்றி சொல்வார்கள், கொஞ்சம் அழுவார்கள், இறங்கி வந்து உட்காருவார்கள். போன நவம்பரில் ஆர்டித் மேடையேறி ஒரு பெட்டை மானைப் பற்றிப் பேசினாள்.

மலைக்கு அந்தப் பக்கம், பிக் பைனி தாண்டி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் அதைச் சுட்டிருந்தாள். தூரம் நூற்றெண்பது கஜம். மான் தடுமாறியது, விழவில்லை; மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. நாலு இடத்தில் ரத்தம், பிறகு அதுவும் இல்லை. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் வேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஆர்டித் சபைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தேடினாள். திங்களன்றும் தேடினாள். கிடைக்கவே இல்லை. ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான்; கிடைக்காத மானுக்காகத் தன் வேட்டைச் சீட்டைத் தானே கிழித்தாள், கிடைத்த மாதிரியே கணக்கு. சட்டம் அப்படிச் செய்யச் சொல்கிறதா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

"அது எங்கயோ கிடந்து துடிச்சுச் செத்திருக்கும்," என்றாள் மேடையில். "என்னாலதான். இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்தக் கையால துப்பாக்கியைத் தொட மாட்டேன். உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

சபை உருகிப்போனது. பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். ஆண்களோ வெளி நடையில் கோட்டும் டையுமாக காத்திருந்தார்கள்! ஆறுதல் சொல்ல அல்ல. யோசனை சொல்ல.

"முந்நூத்தி எட்டு தோட்டா பத்தாது, சகோதரி ஹெய்னர்."

"கொஞ்சம் பெரிய தோட்டாவா இருந்திருந்தா நின்ன இடத்துலயே சாய்ஞ்சிருக்கும்."

"என் மச்சான்கிட்ட ஒரு துப்பாக்கிக் குழல் இருக்கு..."

எங்கள் ஊர் ஆண்கள் காபி குடிக்க மாட்டார்கள், புகைக்க மாட்டார்கள், வாயில் கெட்ட வார்த்தை வராது. பாவம், அவர்களுக்கு என்று இருக்கிற ஒரே கிறுக்கு இதுதான். தோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பட்டினியும் மறந்துபோகும். ஆர்டித் காருக்கு வந்து சேர்வதற்குள் ஏழு பேர் ஏழு தோட்டா சொல்லியிருந்தார்கள். கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எட்டாவது ஆளாக அவள் கொழுந்தன் நெல்டன் நின்றான்.

"முந்நூத்தி எழுபத்தஞ்சு," என்றான் நெல்டன். "யோசிக்கவே வேண்டாம்."

அவள் புருஷன் டெலாய் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு யோசனை இருந்தது. முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவத்தால் வாயைத் திறக்கவில்லை.

ஆர்டித்துக்கு அறுபத்தொரு வயது. ஆஃப்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொன்பது வருஷமாக வேலை. இந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் அவள் கையால் வியாழக்கிழமை காரச் சாறும் பட்டைச் சுருள் ரொட்டியும் தின்று வளர்ந்தவர்கள். முன்பெல்லாம் நீளத் துப்பாக்கிதான் வைத்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சமையலறைப் பின்வாசல் பனிக்கட்டியில் பால் பெட்டியோடு வழுக்கி விழுந்து வலது தோள் நொறுங்கியது. தகடு வைத்து ஒட்டிய டாக்டர், "துப்பாக்கிக் கட்டையை இந்தத் தோள்ல வச்சா என்கிட்ட திரும்பி வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள், டாக்டரைத் திட்டினாள், அப்புறம் கைத்துப்பாக்கிக்கு மாறினாள்.

கைத்துப்பாக்கி என்றதும் போலீஸ்காரர் இடுப்பில் தொங்குவதை நினைக்க வேண்டாம். இது முழங்கையிலிருந்து விரல்நுனி நீளம் இருக்கும். மேலே ஒரு தொலைநோக்கி. ஒரே தோட்டாதான் போடலாம். நடுவில் மடக்கினால் வாய் திறக்கும், போட்டு மூட வேண்டும். மணல் மூட்டையிலோ முதுகுப் பையிலோ சாய்த்து இரண்டு கையாலும் பிடித்துச் சுடுவது. இதில் ஒரு வசதி உண்டு. ஒரு ஆணியை உருவினால் குழல் தனியாகக் கழன்று வந்துவிடும்; வேறு குழல் மாட்டினால் வேறு தோட்டா. கைப்பிடி அதேதான், துப்பாக்கிதான் வேறு. ஆர்டித்திடம் இருந்தது முந்நூற்றெட்டுக் குழல். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது முகத்துக்கு நேரே எகிறிக் குதிக்கும். மணிக்கட்டு ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். இருபத்தொன்பது வருஷம் மாவு பிசைந்த மணிக்கட்டு அது. யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பனி உருகி, சாலை திறந்து, மே மாதம் வந்ததும் ஆர்டித் கிளம்பினாள். எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் அதுதான் சரியாக இருக்கும் என்று அவளும் நம்பியிருந்தாள். பெரிய குழல். அதை யார் செய்து தருவார் என்பதில் சந்தேகமே இல்லை. ஓர்வல் நீல்ட். எழுபத்தெட்டு வயது. தன் கொட்டகையில் கடைசல் இயந்திரம் போட்டுக் குழல் பொருத்தித் தருகிறவர். சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவார். அந்த நவம்பர் ஞாயிறு மட்டும் தூங்கவில்லை போலிருக்கிறது.

டெலாய் வண்டியை ஓட்டினான். நெல்டனை யாரும் கூப்பிடவில்லை. அவனே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இவளுக்கு முந்நூத்தி எழுபத்தஞ்சு போடுங்க, சகோதரர் நீல்ட்," என்றான் கொட்டகைக்குள் கால் வைக்கும் முன்பே. "யானையையே சாய்ச்சிடும்."

ஓர்வல் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார். "நம்ம பக்கம் யானைக்குச் சீட்டுக் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்களா?"

"மான்தானே, பெரிசாப் போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

"நீங்க சொல்லுங்க, சகோதரி ஹெய்னர். உங்களுக்கு என்ன வேணும்?"

"சுட்டா விழணும்," என்றாள் ஆர்டித். "துடிக்கக் கூடாது. அவ்வளவுதான். இல்லேன்னா நான் விட்டுடறேன்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. ஓர்வல் அதைக் கவனிக்காதது மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய குழல் கொண்டாந்திருக்கீங்களா? அதை மாட்டுங்க. பின்னால போலாம்."

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய புல்வெளி; பக்கத்து வேலிக்கு அப்பால் ஒரு பசு. ஒரு மேஜை, மணல் மூட்டைகள், நூறு கஜத்தில் மண்மேட்டுக்கு முன்னால் ஓர் இரும்புத் தட்டு. எல்லோரும் காதுமூடி போட்டுக்கொண்டார்கள். ஆர்டித் மேஜையில் உட்கார்ந்தாள். ஓர்வல் அவள் பக்கத்தில் நின்று துப்பாக்கியை வாங்கினார்.

"நான்தான் தோட்டா போட்டுத் தருவேன். நீங்க பார்க்கக் கூடாது. அந்தப் பசுவைப் பாருங்க."

அவள் பசுவைப் பார்த்தாள். அவர் மடக்கினார், போட்டார், மூடினார், நீட்டினார். அவள் குறிபார்த்தாள். இடி இடித்தது. தட்டு டங் என்றது. நெல்டன் கைதட்டினான். இரண்டாவது தடவையும் டங். மூன்றாவது தடவை அவர் மூடித் தந்ததை வாங்கி, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்தினாள்.

டிக்.

வெறும் டிக். உள்ளே காலித் தோட்டாக் கூடு. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் மூக்கு, நாலு விரற்கடை கீழே குத்தியது. எல்லோரும் பார்த்தார்கள். டெலாய் தன் பூட்ஸைப் பார்த்தான்.

எங்கள் ஊரில் இதற்குக் கூச்சம் என்று பெயர். உதை வரப்போகிறது என்று கைக்குத் தெரியும். வருவதற்கு முன்னாலேயே அது பயந்து துள்ளும். வெடித்தால் யாருக்கும் தெரியாது, எல்லாம் அந்த எகிறலில் மறைந்துபோகும். காலியாக இருந்தால்தான் குட்டு வெளிப்படும். ஒருவனுக்குக் கை கூசுகிறது என்று எங்கள் ஊரில் சொல்லிப் பாருங்கள். சபைக்குத் தசமபாகம் கொடுப்பதில்லை என்று சொன்னால்கூட அவ்வளவு கோபம் வராது.

ஆர்டித் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் காதுமூடியைக் கழற்றினாள். முகம் சிவந்து போயிருந்தது.

"அப்போ தோட்டா பத்தாம இல்ல," என்றாள் மெல்ல. "நான்தான் கீழ இழுத்துட்டேன். அதான் அது வயித்துல பட்டிருக்கும். ஏழு மாசமா தோட்டா மேல பழி போட்டுட்டு இருந்திருக்கேன்."

"நூறு கஜத்துல தட்டு பெரிசு, தப்பை மறைச்சிடும்," என்றார் ஓர்வல். "நூத்தெண்பதுல மான் மறைக்காது."

இந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாருக்கும் தெரியும். நெல்டனுக்குத் தெரியவில்லை. "ஆமாம்மா, பொம்பளைக் கை இல்லையா," என்று ஆரம்பித்தான்.

"நீங்க உட்காருங்க, சகோதரர் நெல்டன்."

"நானா? எதுக்கு?"

"சும்மாதான். யானை சுடறவராச்சே."

நெல்டன் உட்கார்ந்தான். தோளை உலுக்கிக்கொண்டான், விரல்களை நெட்டி முறித்தான், பசுவைப் பார்த்தான். ஓர்வல் ஒன்று போட்டுக் கொடுத்தார், டங். "பார்த்தீங்களா?" என்றான் நெல்டன். ஓர்வல் அடுத்ததைப் போட்டுக் கொடுத்தார்.

டிக்.

துப்பாக்கியின் மூக்கு மணல் மூட்டைக்குள் போய்க் குத்தி நின்றது. நெல்டனின் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கண் இறுக மூடியிருந்தது. டிக் என்று கேட்ட பிறகும் மூடியே இருந்தது!

"அவன் மண்புழு சீட்டு வாங்கியிருக்கான் போல," என்றான் டெலாய்.

ஆர்டித் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் இருந்த தண்ணீரும் சேர்ந்து வழிந்தது. ஓர்வல் தும்முவது போலத் திரும்பிக்கொண்டார். நெல்டன் ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, "சரிதான், சரிதான், போதும்," என்று தானும் சிரித்தான். அதற்காகவே அவனை மன்னிக்கலாம்.

கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஓர்வல் எல்லோருக்கும் வேர் வாசனை போட்ட குளிர்ந்த இனிப்புச் சோடா கொடுத்தார்.

"இப்போ முதல்ல இருந்து ஆரம்பிப்போம்," என்றார். "தோட்டாப் பேரை யாரும் சொல்லாதீங்க. எவ்வளவு தூரத்துல சுடணும், சகோதரி ஹெய்னர்?"

"இருநூறு கஜம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நடந்து போவேன். கால் நல்லாத்தான் இருக்கு."

ஓர்வலுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. இதுவரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எந்த ஆணும் ஐந்நூறுக்குக் கீழே சொன்னதில்லை. அவர் அலமாரியைத் துழாவி ஒரு தோட்டாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோர் வீட்டுப் பழைய துப்பாக்கிக்கும் போடுகிற முப்பது-முப்பது தோட்டாதான். ஆனால் கழுத்தை மட்டும் நெருக்கி மெலிசாக்கியிருந்தது. நுனியில் ஏழு மில்லிமீட்டர் குண்டு, ஊசியாக.

"ஏழு-முப்பது. இருநூறு கஜத்துல ஒரு மானுக்கு என்ன வேணுமோ அது இருக்கு. அதுக்கு மேல இல்ல. முந்நூத்தி எட்டு உதைக்கிறதுல பாதி உதைச்சா அதிகம்."

"இது கிழவங்க தோட்டா ஆச்சே," என்றான் நெல்டன். "இது எங்க இருநூறு போகும்?"

"அந்தக் கிழவங்க துப்பாக்கில தோட்டா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரிசையாப் படுத்திருக்கும். ஊசி மூக்கு வச்சா முன்னால இருக்கறதோட அடியைக் குத்தி வெடிச்சிடும்னு தட்டை மூக்குதான் வைப்பாங்க. தட்டை மூக்கு காத்துல சீக்கிரம் களைச்சுப் போயிடும். இவங்களுக்கு ஒரே தோட்டாதானே? யாரைக் குத்தப் போகுது? ஊசியே வைக்கலாம். போகும்."

"குழல் நீளம்?" என்று கேட்டாள் ஆர்டித். இப்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பத்தங்குலத்துலயும் பண்ணலாம், தூக்க லேசா இருக்கும், ஆனா வேகம் போயிடும். நான் பதினஞ்சு போடுவேன். கனம் மூக்குல இருந்தா அவ்வளவு சுலபமாத் துள்ளாது. சுடும்போது பையில சாய்ச்சுத்தான் வைக்கிறீங்க, உங்க கை தாங்க வேண்டியதில்லை."

"தூக்கறதுக்கு இவர் இருக்கார்," என்றாள் டெலாயைக் காட்டி.

"முன்னால ஓட்டை போட்ட மூடி ஒண்ணு மாட்டுவாங்களே," என்றான் டெலாய். அதுதான் அவன் நவம்பரிலிருந்து அடக்கி வைத்திருந்த யோசனை. "அது உதையைக் குறைக்குமாம்."

"குறைக்கும். ஆனா சத்தம் ரெண்டு பங்காகும், முகத்துல வந்து அறையும். கை உதைக்கு மட்டுமா கூசுது? சத்தத்துக்கும்தான் கூசும். வேண்டாம்."

டெலாய் சோடாவைக் குடித்தான். ஆர்டித் உள்ளங்கையில் இருந்த தோட்டாவை உருட்டிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று ஒரு பயமும் இருந்தது. சபை நடையில் நின்ற ஏழு பேரும் கண்முன் வந்து போனார்கள். இதை வாங்கி, இதுவும் தப்பிப் போனால் அவர்கள் சொல்லிக்காட்டக்கூட மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள். அதுதான் கொடுமை.

"இதையே போடுங்க," என்றாள்.

ஜூலைக் கடைசியில் குழல் வந்தது. பதினைந்து அங்குலம், கருநீலம், குண்டைச் சுழற்றிவிட ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்றாக உள்ளே வரி. ஓர்வல் மாட்டிக் கொடுத்தார். முதல் வெடியில் ஆர்டித் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள். வாயெல்லாம் பல். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் தட்டின் நடுவில். நாலாவதாக ஓர்வல் காலிக் கூடு போட்டுத் தந்தார்.

டிக். மூக்கு கீழே குத்தியது. நாலு விரல் இல்லை, இரண்டு விரல். ஆனால் குத்தியது.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அடச்சே! புதுக் குழல் போட்டும் இப்படியா?"

"குழலை மாத்தியாச்சு," என்றார் ஓர்வல். "கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை. அது பழைய உதைக்கே பயந்துட்டு இருக்கு. ரெண்டு மாசம் இருக்கு. தினம் வீட்டுல வெறும் துப்பாக்கியில போலித் தோட்டா போட்டு, குழல் மேல ஒரு காசை வச்சு விசையை அழுத்துங்க. காசு விழக் கூடாது. பத்துத் தடவை. வேட்டை தொடங்குற தேதிக்கு முன்னால வாங்க. பத்து போட்டுத் தருவேன். எது நிஜம் எது காலின்னு சொல்ல மாட்டேன்."

"பத்துல ஒண்ணு குத்தினாலும் நான் போக மாட்டேன்," என்றாள் ஆர்டித்.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். காலையில் ரொட்டி அடுப்பில் வெந்துகொண்டிருக்கும்போது சாப்பாட்டு மேஜையில் மாவு மூட்டை, மாவு மூட்டை மேல் துப்பாக்கி, துப்பாக்கி மேல் காசு. குறி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பால்பண்ணைக் காலண்டர். டிக். காசு உருண்டு ஓடும். டெலாய் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து எடுத்துத் தருவான். டிக். மறுபடி ஓடும். "நீ மாவு மூட்டையைக் கட்டிப்பிடிக்கிற, ஆர்டி." "நீ பேசாம காசைத் தேடு." இரண்டாவது வாரம் ஒரு காசு அடுப்புக்குப் பின்னால் போய் இன்றுவரை வரவில்லை.

ஒருநாள் சபையைச் சேர்ந்த லாப்ரீல், காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியோடு நலம் விசாரிக்க வந்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆர்டித் காலண்டரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறாள், டெலாய் தரையில் நாலு காலில் நிற்கிறான்.

"நான் அப்புறமா வரட்டுமா?" என்றாள் லாப்ரீல்.

"உள்ள வா, உட்காரு. மூச்சு விடாதே."

லாப்ரீல் ஜெல்லியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்தாள். டிக். காசு அசையவில்லை. டிக். அசையவில்லை. அன்றைக்குப் பத்துக்குப் பத்து. லாப்ரீல் எழுந்து கைதட்டியதில் ஜெல்லி மட்டும் தரையில் விழுந்தது. மூன்று பேரும் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

காசு வேறு, தோட்டா வேறு. அது ஆர்டித்துக்கும் தெரியும். செப்டம்பர் கடைசியில் ஓர்வலின் மேஜையில் உட்கார்ந்தபோது உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பின்னால் டெலாயும் நெல்டனும் நின்றார்கள். முதலாவது வெடித்தது. இரண்டாவது டிக், மூக்கு நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாவதும் டிக். நாலும் ஐந்தும் வெடித்தன. ஏழாவதில் அவளுக்கு எண்ணிக்கை மறந்துபோனது. தட்டும் தொலைநோக்கியின் குறுக்குக் கோடும் மட்டும்தான் தெரிந்தன. கடைசியாக ஒரு டிக் கேட்டபோது அவள் அடுத்ததற்காகக் கையை நீட்டினாள்.

"அவ்வளவுதான், சகோதரி ஹெய்னர். பத்து முடிஞ்சது."

"குத்திச்சா?"

"குழல் மேல ஒரு தேன்கூடே கட்டியிருக்கலாம்."

நெல்டன் தொண்டையைச் செருமினான். "சகோதரர் நீல்ட், அந்த ஏழு-முப்பது... இன்னொண்ணு பண்ண எவ்வளவு நாள் ஆகும்? ஒரு சிநேகிதனுக்குத்தான் கேக்கறேன்."

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஆர்டித்தும் டெலாயும் மலையைத் தாண்டிப் போனார்கள். சாம்பல் நிறப் புதர்க்காடு, கண்ணுக்கெட்டின மட்டும். காற்று மேற்கிலிருந்து. எட்டு மணிக்கு ஒரு கூட்டம் தெரிந்தது, பதினோரு மான்கள். இரண்டு பேரும் ஊர்ந்தார்கள். டெலாய் முழங்காலைக் கள்ளிமேல் வைத்துவிட்டு, கத்தாமல், தன் தொப்பியைக் கடித்துக்கொண்டான். ஒரு புதருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் அவன் தூரம் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்தான்.

"இருநூத்தி அறுபது," என்று கிசுகிசுத்தான். "ஓரமா ஒரு பெட்டை நிக்குது, நல்லாக் குறுக்கா நிக்குது. அசையலை. ஆர்டி, இந்தக் குழல் அவ்வளவு தூரம் போகும்."

"குழல் போகும். நான் போக மாட்டேன்."

"இது மாதிரி திரும்ப நிக்காது."

"நிக்காட்டி வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு சாப்பிடலாம்."

இன்னும் கொஞ்சம் ஊர்ந்தார்கள். கூட்டம் தலை நிமிர்த்தியது, வெள்ளைப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு கிளம்பியது, போயே போய்விட்டது. டெலாய் முழங்காலிலிருந்து முள் பிடுங்கினான். ஆர்டித்துக்கும் மனதுக்குள் கசப்புதான். அவள் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு நடந்தாள்.

பதினொன்றரைக்கு ஒரு பள்ளத்தின் விளிம்பில் படுத்து எட்டிப் பார்த்தால் கீழே மூன்று பெட்டைகள். மேய்ந்துகொண்டிருந்தன. காற்று முகத்துக்கு நேரே வந்தது. டெலாய் பையைத் தள்ளிக் கொடுத்தான். அவள் அதன் மேல் குழலைச் சாய்த்தாள். தோட்டாவைத் தானே போட்டாள், மூடினாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு," என்றான் டெலாய் காதருகில்.

போன வருஷத்து மான் மேட்டைத் தாண்டிப் போனது நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் இதுதான் கடைசி என்று நினைத்தாள், அப்படி நினைத்ததும் பயம் இன்னும் ஏறியது. அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். தலையைப் பையில் சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள். டெலாய் காத்திருந்தான். மான்களும் போகவில்லை. அவள் மறுபடி தலை தூக்கினாள். நடுவில் நின்ற பெட்டை ஓர் அடி முன்னால் வைத்துக் குறுக்காகத் திரும்பியது. முன்னங்காலுக்குப் பின்னால் குறுக்குக் கோடு வந்து நின்றது. அவள் மெல்ல, மெல்ல அழுத்தினாள்.

வெடித்தது. குழல் கொஞ்சம் எழும்பி அதே இடத்தில் உட்கார்ந்தது. தொலைநோக்கிக்குள் அந்த மான் இன்னும் இருந்தது. தோளுக்குப் பின்னால் மயிர் ஒருமுறை சிலிர்த்தது. முன்னங்கால்கள் மடிந்தன. புல்லில் பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு தடவை காதை அசைத்தது. அப்புறம் அசையவில்லை.

ஆர்டித் கண்ணை எடுக்கவில்லை. முப்பது வருஷமாக அவள் எத்தனையோ மான்களைச் சுட்டிருக்கிறாள். ஒன்றுகூட விழுவதை அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி எகிறும், வானம் தெரியும், அது திரும்பி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். யாராவது சொல்வார்கள்: விழுந்துடுச்சு. அவளும் நம்புவாள். எகிறலை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நெல்டனைப் பார்த்துச் சிரித்தாளே, அவளும் அந்த ஒரு நொடியில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எந்த நொடியில் திறந்திருக்க வேண்டுமோ அதே நொடியில்.

"ஆர்டி!" டெலாய் அவள் முதுகில் தட்டினான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆர்டி, விழுந்து..."

"சொல்லாதே, டெலாய்," என்றாள் அவள். கன்னம் முழுக்க நனைந்திருந்தது, உதடு சிரித்தது. "நான் பார்த்தேன்."